டிஎன்ஏ சாட்சி சொல்வது எப்படி?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த விஞ்ஞான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்ட விடயம் டிஎன்ஏ பரிசோதனை. 2020க்கு முன்னர் இப்படி ஒரு தலைப்பைச் சொல்லியிருந்தால் உயிரியல் படித்தவர்கள் மட்டும்தான் நிமிர்ந்து இருந்திருப்பார்கள். கொரோனா வந்த பிறகு “பிசிஆர் எடுத்தாச்சா?”, “பிசிஆர் வந்திட்டுதா?” என்பது சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்ட பேச்சாகிவிட்டது. ஆனால் மூக்கில் குச்சி விடுவதற்கும் கையில் அறிக்கை கிடைப்பதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்டால், “மெஷின் சொல்லும்” என்றுதான் பலரும் சொல்கிறோம். மெஷின் நகல் எடுக்கும், அளந்தும் காட்டும். அதைச் சாட்சியாக ஏற்கலாமா என்று தீர்மானிப்பதற்கு, பக்கத்தில் வேறு சிலவற்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். நான் சொல்ல வந்தது அந்த ஒழுங்கைப் பற்றித்தான். அதற்கு எங்கள் வாவிக்கரையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் தென்கோடியில் உள்ள கல்முனைக் கரையை 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் அடித்துக்கொண்டு போனது. நாடு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் மிக அதிகமானோரை இழந்தது அம்பாறை. அன்று இடிபாடுகளுக்கிடையில் உயிரோடு கிடந்த ஒரு ஆண் குழந்தையைக் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மாதம் மதிக்கத்தக்க கைக்குழந்தை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது என்பதால் ‘குழந்தை 81’ என்று பதிந்தார்கள். அந்த இலக்கமே பெயராகி உலகம் முழுவதும் போனது.

ஒன்பது தாய்மார் அந்தக் குழந்தையைத் தம்முடையது என்று உரிமை கோருவதாகப் பத்திரிகைகள் எழுதின. படித்தவர்களுக்கெல்லாம் பைபிளில் வரும் சாலமோன் அரசனின் தீர்ப்பு ஞாபகம் வந்தது. பௌத்தர்களுக்கு உம்மக்க சாதகத்தில் வரும் மகோசதரின் தீர்ப்பு ஞாபகம் வந்திருக்கும். இரண்டு கதையிலும் நீதிபதி தாயின் மனதைச் சோதிக்கிறார். குழந்தைக்கு நோகும் என்றதும் விட்டுக்கொடுப்பவளே தாய் என்று தீர்க்கிறார். ஆனால் 2005 ஜனவரியில் எங்கள் கரையோரத்தில் அந்தச் சோதனை எப்படிப் பலிக்கும்? பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒவ்வொரு தாயின் மனதும் உண்மையான மனம்தான். அழுகையை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கேட்கலாமென்றால், வீட்டோடு சேர்த்துக் கடதாசிகளையும் கடல் கொண்டுபோயிருந்தது.

விடயம் கல்முனை நீதிமன்றத்துக்குப் போனது. முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதியர்தான் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. ‘ஒன்பது தாய்மார்’ என்ற செய்தி அதற்குள் உலகைச் சுற்றி வந்துவிட்டது. நீதிமன்றம் அந்தத் தம்பதியருக்கும் குழந்தைக்கும் டிஎன்ஏ பரிசோதனை செய்யும்படி கட்டளையிட்டது. கொழும்பில் மாதிரிகள் எடுக்கப்பட்டன. 2005 பெப்ரவரி 14ஆம் திகதி முடிவு அறிவிக்கப்பட்டது. குழந்தை அவர்களுடையதுதான். இரண்டு நாள் கழித்துப் பிள்ளை தாயின் கைக்குப் போனது. ஏழு வாரங்கள் தாயின் வார்த்தை தீர்க்காத ஒன்றை, ஒரு சில துளிகள் தீர்த்து வைத்தன. அந்தத் துளிக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

எங்கள் உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றில் சுருண்டு கிடப்பதுதான் டிஎன்ஏ. ஒரு கலத்திலுள்ள இழைகளை நீட்டி வைத்தால் சுமார் 2 மீற்றர் வரும். அது நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது: அடெனின், தைமின், குவானின், சைற்றோசின். இரண்டு இழைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். அடெனினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின். ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கத்தை எழுதிவிடலாம். நகல் எடுக்கும் வித்தை முழுவதும் இந்த ஒரு ஒழுங்கில்தான் நிற்கிறது.

ஒரு தாயின் உமிழ்நீரிலோ இரத்தத்திலோ கிடைக்கும் டிஎன்ஏ மிகச் சொற்பம். அதிலும் எங்களுக்கு வேண்டியது முந்நூறு கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளுக்குள் ஒரு சில நூறு எழுத்துகள் மட்டும். அந்தச் சிறு துண்டை மட்டும் தேடிப் பிடித்துக் கோடிக்கணக்கில் பெருக்கும் வழியை அமெரிக்கரான கேரி மல்லிஸ் 1983இல் கண்டுபிடித்தார். அதற்காக 1993இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொலிமரேஸ் சங்கிலித் தாக்கம் என்பது அதன் பெயர். பிசிஆர் என்பது அதன் சுருக்கம்.

செய்முறை மூன்று படிதான். கட்டைவிரல் நகம் அளவான ஒரு சிறிய குழாய்க்குள் டிஎன்ஏ, அந்த நான்கு எழுத்துகள், ஒரு நொதியம், ‘பிரைமர்’ எனப்படும் இரண்டு சிறு துண்டுகள் ஆகியவற்றை இடுகிறோம். பிரைமர்கள் நாம் தேடும் பகுதியின் இரு எல்லைகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும்படி முன்கூட்டியே எழுதிச் செய்யப்பட்டவை. காணிக்கு இரண்டு மூலையிலும் எல்லைக்கல் நடுவது போல. முதலில் குழாயை 95 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். இரட்டை இழை பிரிகிறது. பிறகு 55, 60 பாகைக்கு இறக்குகிறோம்; பிரைமர்கள் தம் இடத்தில் ஒட்டுகின்றன. பிறகு 72 பாகை. நொதியம் எல்லைக்கல்லிலிருந்து தொடங்கி எதிரிழையை எழுதிக்கொண்டு போகிறது. ஒன்று இரண்டாகிவிட்டது. மீண்டும் சூடு, மீண்டும் இறக்கம். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். எல்லாம் சரியாக நடந்தால் 30 சுற்று முடியும்போது ஒன்று 107 கோடியாகிவிடும். இரண்டு மணித்தியாலம் போதும்.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். 95 பாகையில் முட்டையே அவிந்துவிடுகிறதே, நொதியம் எப்படித் தப்புகிறது? ஆரம்பத்தில் அது தப்பவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதியத்தை ஊற்ற வேண்டியிருந்தது. விடை வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போனால் மகாஓயாவில் ஒரு வெந்நீர் ஊற்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதைவிட எவ்வளவோ சூடான ஊற்றுகள் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் உண்டு. அங்கே வாழும் ஒரு பக்றீரியாவைத் தோமஸ் புறொக் என்பவரும் அவருடைய மாணவரும் 1969இல் விவரித்தார்கள். அந்தப் பக்றீரியாவின் நொதியத்தைப் பிரித்தெடுத்து 1976இல் கட்டுரை எழுதியவர்களில் முதற்பெயர் அலிஸ் சியென். சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவி. பிசிஆர் அப்போது பிறக்கவே இல்லை. கொதிநீரில் அழியாத அந்த நொதியம் இல்லையென்றால், இன்று உலகத்து ஆய்வுகூடங்கள் எல்லாம் சுற்றுக்கொருமுறை குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பின்வரிசைப் பிள்ளைகள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகங்களில் அதைக் காண்பது அரிது.

இனி, பெருக்கியாயிற்று. குழாயைப் பார்த்தால் தெளிந்த நீர். உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் அதே தெளிந்த நீர்தான். என்ன பெருகியிருக்கிறது என்று கண்ணால் காண ஒரு வழி வேண்டும். அந்த வழி எங்கள் சமையலறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நோன்புக் காலத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தோழிகளின் வீடுகளிலிருந்து எங்களுக்குக் கடற்பாசி வருமே, நிறம் நிறமாக, தொட்டால் நடுங்கும். அதே பொருள்தான் ஏகார். கடலில் வளரும் செம்பாசிகளிலிருந்து வருவது. அந்தப் பாசிகளில் ஒன்றை ஆங்கிலேயர் ‘சிலோன் மொஸ்’ என்றே அழைத்தார்கள். ஏகாரை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்ததும் ஒரு பெண்ணின் சமையலறை அறிவுதான். 1881இல் ஜேர்மனியில் ரொபேட் கோக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வோல்ட்டர் ஹெஸ்ஸே, பக்றீரியாவை வளர்க்க வைத்த ஜெலற்றின் வெயிலுக்கு உருகிப் போவதாக வீட்டில் குறைப்பட்டார். அவருடைய மனைவி ஃபனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒருவரிடம் கற்ற கைப்பக்குவப்படி, தன் இனிப்புகளுக்கு ஏகாரைப் பாவித்து வந்தவர். அதைப் பாவித்துப் பார்க்கச் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது. கோக் 1882இல் ஏகாரைப் பற்றி எழுதியபோது ஃபனியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஏகாரை இன்னும் சுத்திகரித்தால் அகரோஸ். அதில் ஒரு கிராம் எடுத்து 100 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில் கொதிக்க வைத்து, சற்று ஆறியதும் ஒரு தட்டில் ஊற்றி, ஒரு ஓரத்தில் சீப்பு ஒன்றை நிறுத்திவிடுவோம். உறைந்த பின் சீப்பை எடுத்தால் வரிசையாகக் குழிகள் இருக்கும். இந்த ஜெல்லைக் கரைசலில் அமிழ்த்தி, குழிகளில் மாதிரிகளை இட்டு, மின்சாரத்தைக் கொடுக்கிறோம். டிஎன்ஏயின் முதுகெலும்பில் உள்ள பொசுபேற்றுக்கு எதிரேற்றம் உண்டு. அதனால் அது நேர்முனையை நோக்கி நகரும். வாவியில் கண்டல் வேர்களுக்கிடையில் இறால் குஞ்சு விறுவிறென்று நுழைந்து போகும், கொடுவா மீன் சுற்றிச் சுற்றித்தான் போகும். ஜெல்லுக்குள்ளும் அப்படித்தான். சிறிய துண்டு தூரம் போகும், பெரிய துண்டு பின்தங்கும். முக்கால் மணித்தியாலத்தில் மின்சாரத்தை நிறுத்தி, டிஎன்ஏயில் ஒட்டும் சாயமிட்டு, ஊதாக் கடந்த ஒளியில் பிடித்தால், ஒரே நீளமுள்ள துண்டுகள் கூடி நிற்கும் இடம் ஒளிரும் பட்டையாகத் தெரியும்.

அந்தப் பட்டையைப் பார்த்தவுடன் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் எனது உரையின் மையம் இருக்கிறது. ஒரு உதாரணம் தருகிறேன். எழுபதுகளின் பிற்பகுதியில் இலங்கையில் பெரிய அளவிலான இறால் வளர்ப்பு முதலில் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில்தான் தொடங்கியது. போரினால் அது வடமேற்கே புத்தளம், சிலாபம் பக்கம் போனது. 1996இல் அங்கே வெண்புள்ளி நோய் என்னும் வைரசு நோய் வந்து பண்ணைகளை அழித்தது. அதன் பிறகு குளத்தில் விடும் குஞ்சுகளை முன்கூட்டியே பிசிஆர் மூலம் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு பண்ணைக்காரர் குஞ்சுகளைக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். அவருடைய கடன், அடகு வைத்த நகை எல்லாம் அந்தப் பட்டையில் தங்கியிருக்கின்றன.

திறமையான ஆய்வுகூடத்தில் அவருடைய மாதிரி ஒருபோதும் தனியாக ஓடுவதில்லை. முதற் குழியில் நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை. ஏணிப் படிகள் போல் பட்டைகள் விழும், ஆகவே அதன் பெயரே ஏணி. இரண்டாவது குழியில் வைரசு இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு மாதிரி. மூன்றாவது குழியில் டிஎன்ஏயே இடாமல், மற்ற எல்லாவற்றையும் சேர்த்து, வெறும் சுத்தமான நீர் விட்ட கலவை. அதற்குப் பிறகுதான் பண்ணைக்காரரின் குஞ்சுகள்.

இனி வாசிப்போம். நிச்சயமாக வைரசு உள்ள குழியில் பட்டை விழவில்லை என்றால், நொதியம் பழுதாகியிருக்கலாம், சூடு பிழைத்திருக்கலாம். அன்று குஞ்சுகளின் குழியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் “நோய் இல்லை” என்று எழுதக்கூடாது. தண்ணீர்க் குழியில் பட்டை விழுந்தால், எங்கோ கலந்துவிட்டது. அன்று குஞ்சுகளின் குழியில் எவ்வளவு பளிச்சென்று பட்டை இருந்தாலும் “நோய் உண்டு” என்று எழுதக்கூடாது. இருக்க வேண்டிய இடத்தில் இருந்து, இருக்கக் கூடாத இடத்தில் இல்லாமல், ஏணியில் சரியான படிக்கு நேரே பட்டை நின்றால்தான் அது சாட்சி. பட்டையே விழாத அந்த வெற்றுக் குழிதான் மற்றக் குழிகள் எல்லாவற்றுக்கும் பிணை நிற்கிறது.

இவ்வளவு கவனம் ஏன்? எங்கள் ஊர்த் தயிரை நினைத்துப் பாருங்கள். ஒரு சட்டி எருமைப் பாலை உறைய வைக்க நேற்றைய தயிரில் ஒரு சொட்டு போதும். பிசிஆரும் அப்படி. நேற்றுப் பெருக்கிய கோடிக்கணக்கான நகல்களில் ஒரு கண்ணுக்குத் தெரியாத தூறல் இன்றைய குழாயில் விழுந்தால், இன்று இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். இதனால்தான் கலவை தயாரிக்கும் அறை வேறு, பெருக்கும் அறை வேறு. ஒரு அறையின் மேலங்கி மற்ற அறைக்குப் போகாது. கையுறை அடிக்கடி மாறும். கொரோனாப் பரிசோதனையில் ஜெல் கிடையாது; பெருகும்போதே ஒளிர்வை அளக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு தட்டிலும் அந்த வெற்றுக் குழி இருந்தது. உங்கள் கையில் கிடைத்த அறிக்கைக்கு அதுவே பிணை.

இப்போது குழந்தை 81இடம் திரும்புவோம். அங்கே கேள்வி வைரசு உண்டா இல்லையா என்பதல்ல, யாருடைய பிள்ளை என்பது. மனிதருடைய டிஎன்ஏயில் சில இடங்களில் நான்கெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு ஆறு தடவை, சிலருக்கு ஒன்பது தடவை. ஒவ்வொரு இடத்திலும் எங்களுக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. ஒரு இடத்தில் தாய்க்கு 6, 9 என்றும் தந்தைக்கு 7, 8 என்றும் வையுங்கள். பிள்ளைக்கு 9, 7 என்றால் பொருந்துகிறது. பிள்ளைக்கு 9, 10 என்றால் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? பெரும்பாலான வழக்குகளில் தாய் யாரென்பது தெரியும், தந்தையைப் பற்றித்தான் கேள்வி. இங்கே இருவருமே நிரூபிக்கப்பட வேண்டியவர்கள். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் தாயிலும் மற்ற எண் தந்தையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்கெழுத்து வித்தியாசத்தை நான் சொன்ன சாதாரண அகரோஸ் ஜெல் பிரித்துக் காட்டாது. அதற்கு இன்னும் நுண்ணிய ஜெல்லோ தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயோ வேண்டும். தத்துவம் ஒன்றுதான்: சிறியது முந்தும், பெரியது பிந்தும், பக்கத்தில் ஏணி நிற்கும்.

ஒரு இடம் பொருந்துவது தற்செயலாகவும் நடக்கலாம். பத்தில் ஒருவருக்கு ஒரு இடம் தற்செயலாகப் பொருந்தும் என்று வைத்தால், இரண்டு இடங்களும் பொருந்துபவர் நூற்றில் ஒருவர், மூன்றும் பொருந்துபவர் ஆயிரத்தில் ஒருவர். ஆகவே பதினைந்து இடங்கள் அளவில் பார்ப்பார்கள். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மச்சான் மச்சாளைக் கட்டும் எங்கள் ஊர்களில் உறவினர்கள் பல எண்களைப் பகிர்ந்திருப்பார்கள். கணக்குப் போடுபவர் அதையும் அறிந்திருக்க வேண்டும். “இல்லை” என்ற முடிவைப் பல இடங்களில் பொருந்தாமை காட்டிவிடும். “ஆம்” என்ற முடிவு எப்போதும் ஒரு நிகழ்தகவு. மிகப் பெரிய நிகழ்தகவு, ஆனாலும் நிகழ்தகவுதான். நல்ல அறிக்கை அந்த எண்ணையும் சேர்த்தே சொல்லும்.

இதே ஒழுங்கை வைத்து ‘ஒன்பது தாய்மார்’ செய்தியை யோசித்துப் பாருங்கள். ஒருவர் எழுதினார், அதைப் பார்த்து மற்றவர் எழுதினார். நகல் பெருகியது, பிசிஆர் போலவே. ஆனால் பக்கத்தில் வெற்றுக் குழி இருக்கவில்லை; நீதிமன்றப் பதிவில் எத்தனை பேர் என்று போய்ப் பார்த்தவர் குறைவு. பெருகியதெல்லாம் உண்மை என்றால், வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் உண்மை.

வெளிநாட்டில் வாழும் பல குடும்பங்களுக்கு டிஎன்ஏ வேறொரு வாசலால் வந்தது. குடும்பத்தைக் கூப்பிடும்போது கடதாசி போதாமல் பிள்ளைக்கும் தாய்க்கும் டிஎன்ஏ கொடுத்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். அந்த வழக்கத்தின் தொடக்கமும் ஒரு தாயும் மகனும்தான். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டார். 1985இல் அது முதன்முதலாகப் பயன்பட்டது, கானாவிலிருந்து திரும்பிய ஒரு பையன் அந்தத் தாயின் பிள்ளைதான் என்று குடிவரவு அதிகாரிகளுக்குக் காட்டுவதற்கு.

இதைவிடவும் எங்களுக்கு நெருங்கிய இன்னொரு கதை ஆர்ஜென்டீனாவில் உண்டு. எழுபதுகளில் இராணுவ ஆட்சி பல்லாயிரம் இளைஞர்களைக் காணாமலாக்கியது. அவர்களுடைய கைக்குழந்தைகளும் சிறையில் பிறந்த குழந்தைகளும் யார் யாரிடமோ கொடுக்கப்பட்டன. 1977இல் அந்தக் குழந்தைகளின் பாட்டிமார் ஒன்று சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்ட கேள்வி இதுதான்: தாயும் தகப்பனும் இல்லை, எங்கள் இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா? அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங். 1987இல் அந்த நாடு சட்டத்தின் மூலம் மரபணு வங்கி ஒன்றை அமைத்தது. இன்றுவரை 130க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு உதவியவற்றில் ஒன்று இழைமணியின் டிஎன்ஏ. அது தாயிடமிருந்து மட்டும் வரும். மகனுக்கும் மகளுக்கும் தாய் கொடுப்பாள், ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவள் மகள் மட்டுமே. இதை மற்ற ஊர்களில் விளக்கப் படம் கீற வேண்டும். மட்டக்களப்பில் தேவையில்லை. எங்கள் குடிமுறை அப்படியேதான். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியே வருகிறது. ஒரு கலத்தில் இழைமணி டிஎன்ஏ நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் பல்லிலும் அது எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கள் மாகாணத்திலும் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. விஞ்ஞானம் அவர்களுக்கு எதையும் வாக்களிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி இருந்தால்தான் அது பேசும். எலும்பு மட்டும் இருந்தால் அது ஏணியில்லாத ஜெல். தாயின் சம்மதத்தோடு, தகவல் வேறு கைக்குப் போகாது என்ற உறுதியோடு, ஒழுங்காகப் பேணப்படும் ஒரு மாதிரி என்றாவது ஒரு நாள் விடை சொல்லலாம். தாய் போனாலும் மகள் இருந்தால், மகளின் மகள் இருந்தால், அந்தத் தாய்வழிச் சாட்சி இருக்கும். அது ஒரு குடி முழுவதற்கும் பொதுவானது என்பதால், ஆளைத் தனியாகக் குறிக்க மற்றச் சோதனைகளும் வேண்டும். இந்த விபரம் தெரிந்த பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள்தான் கேட்பார்கள்.

டிஎன்ஏ சொல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவிலிருந்து குணமானவருக்கும் சில நாள் பிசிஆர் ‘உண்டு’ என்றே காட்டியது. வைரசின் துண்டு இருப்பதை அது காட்டும், அது உயிரோடு தொற்றுகிறதா என்று காட்டாது. அதுபோல், இரத்தவழியை அது காட்டும், வளர்த்த அன்பைக் காட்டாது. சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்த பெரியம்மாக்களும் சின்னம்மாக்களும் எங்கள் கரை முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மைக்கு எந்த ஜெல்லும் தேவையில்லை.

கடைசியாக எமது பாடசாலைக்கு வருகிறேன். பிசிஆரும் ஜெல்லும் இன்று உயர்தர உயிரியல் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பரீட்சைக்கு எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் அதைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். கையால் செய்து பார்க்காத பிள்ளைக்கு வெற்றுக் குழி ஏன் வேண்டும் என்பது மனதில் பதியாது.

தொடங்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு வாழைப்பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த நீரில் கரைத்து, வடித்து, குளிர வைத்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை மெதுவாக ஓரத்தால் விட்டால், வெள்ளை நூல் போல் டிஎன்ஏ திரண்டு வரும். கடையில் வாங்கும் ஏகாரை அப்பச்சோடா கரைத்த நீரில் காய்ச்சி ஜெல் ஊற்றலாம். சாப்பாட்டு நிறங்களைக் குழிகளில் இட்டு, ஐந்து 9 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்தால், நிறங்கள் பிரிந்து ஓடுவதை ஒரு பாடவேளைக்குள் காணலாம். ஆசிரியை பக்கத்தில் நிற்க, பற்றரி இணைத்திருக்கும்போது கரைசலில் கை வைக்காமல் செய்ய வேண்டும். அப்போதும் ஒரு குழியை வெறும் நீருக்கென்று ஒதுக்குங்கள். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு மேலே போவதற்குப் பழைய மாணவிகளால் முடியும். லண்டன், டொரொன்டோ, மெல்பேர்ன் ஆய்வுகூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் எங்கள் சகோதரிகள் வேலை செய்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு மணித்தியாலப் பயணம்கூட இல்லை. ஒரு சிறிய பிசிஆர் இயந்திரம், ஒரு ஜெல் தொட்டி, நாலைந்து மைக்ரோபிப்பெட், நஞ்சில்லாத சாயத்தோடு நீல ஒளி விளக்கு ஒன்று போதும். பழைய இயந்திரத்தை மட்டும் கப்பலில் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். பழுதானால் திருத்த ஆளில்லாமல் அது அலுமாரியாகிவிடும். விடுமுறைக்கு வரும்போது ஒரு கிழமையை இந்தப் பிள்ளைகளுக்குத் தாருங்கள். ஆசிரியைமாருக்கு முதலில் பழக்கிக் கொடுங்கள். இரசாயனப் பொருள்கள் ஆண்டுதோறும் முடிந்துபோகும். அதற்கு ஒரு சிறு நிதியைச் சங்கம் ஒதுக்கட்டும். நூற்றாண்டின் ஞாபகமாக ஒரு கல்லைத் திறந்து வைப்பதைவிட இது நிலைக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று பேரின் துளிகளை ஒரு ஒழுங்கில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் 2005இல் கொழும்பில் இருந்தார்கள். ஆகவே கல்முனையில் ஒரு தாய்க்குப் பிள்ளை கிடைத்தது. அடுத்த முறை அந்த வேலையை எமது பாடசாலையில் படித்த ஒரு பிள்ளை செய்ய வேண்டும், இந்த வாவிக்கரையிலேயே இருந்து செய்ய வேண்டும் என்பதே எனது ஆசை.